வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக

அது யாருடைய போன் நம்பரும் இல்லை, மேடம். போன் நம்பருக்குப் பத்து இலக்கம் வேண்டும். இதில் எட்டுதான் இருக்கிறது. லாக்கர் நம்பரா, லாரி நம்பரா என்று உங்கள் ஆட்கள் இரண்டு நாளாக அலைந்ததாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் மடித்துப் பிடித்திருக்கும் தாளை அப்படியே வைத்திருங்கள். தெரிகிற பாதி போதும். 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதில் பெருமை ஒன்றுமில்லை, அப்படிப்பட்டவை முடிவில்லாமல் இருக்கின்றன. இதன் விசேஷம் வேறு. வலப்பக்கக் கடைசி இலக்கத்தை எடுத்துவிடுங்கள். 7393913. அதுவும் பகா எண். இன்னொன்றை எடுங்கள். 739391. அதுவும் உடையாது. எடுத்துக்கொண்டே போனால் 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7. ஒவ்வொரு தடவையும் மிஞ்சி நிற்பது பகா எண்தான். எட்டு இலக்கத்தில் இந்த மாதிரி ஐந்து உண்டு, அவற்றில் பெரியது இது. ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலும் கிடையாது.

இதை எனக்குச் சொன்னவர் ராஜுலு.

சுந்தரராஜுலு என்பது முழுப்பெயர். சிங்காநல்லூரில் வீடு. மனைவி ரங்கநாயகி, ஒரே மகள் அக்ஷிதா. பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் பம்பு கம்பெனியில் சேர்ந்தார். நான் அங்கே டெஸ்டிங் பிரிவுக்குப் பொறுப்பாளன், இருபத்தாறு வருடமாக. நான் பம்பை ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தத்தையும் நீரளவையும் குறித்து வரைபடம் போடுவார்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு மோட்டார் நல்லதா என்பது அது நன்றாக ஓடும்போது தெரியாது. எதையாவது பிடுங்கினால்தான் தெரியும். மூன்று பேஸ் கரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மோட்டார் உடனே நின்றுவிடாது. உறுமும். சூடேறும். வார்னிஷ் வாசனை வரும். எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. இதில் கோபத்துக்கு இடமில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்த மோட்டாரின் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ராஜுலுவை எல்லோருக்கும் பிடிக்கும். மத்தியானம் அவர் டிபன்பாக்ஸைத் திறந்தால் நாலு கை உள்ளே போகும். அவர் பதிலுக்கு நாலு பாக்ஸில் கைவிடுவார். கம்பெனி வாசலில் கிடந்த ஒரு நொண்டி நாய்க்கு ‘கேப்டன்’ என்று பெயர் வைத்து, அதற்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சாயங்காலம் எதிர் பேக்கரியில் ஆறேழு பேர் டீக்குக் கூடுவார்கள். அவர் வந்தால்தான் அந்த இடத்துக்குப் பேச்சு வரும். நானும் போவேன். ஓரத்தில் நிற்பேன்.

போன வருடம் சித்திரையில் அந்தப் பேக்கரியில்தான் இந்த எண்ணைச் சொன்னார். எங்கோ படித்திருக்கிறார், நம்பாமல் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். இது பகா எண்தான் என்று கையால் நிச்சயப்படுத்த, எண்ணாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் வகுத்தலுக்கு மேல். பழைய டெஸ்ட் சார்ட்டுகளின் பின்பக்கத்தில், சாப்பாட்டு நேரங்களில், இரண்டு மாதம் செய்தாராம். அந்தப் பகா எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடமே ஆகிவிட்டன.

மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் இருக்கும் மனோஜ்குமார் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான். “ஏனுங் ராஜுலண்ணா, ஊட்டுல அக்கா திட்டுனா நீங்க எத்தனையால வகுபடுவீங்க?” என்றான்.

“எங்கூட்டுல எதால வகுத்தாலும் மீதி நான்தான் கண்ணு. அதான் பாத்திரம் கழுவற வேல எனக்கு உளுகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம். அப்போது மனோஜ்குமார் சொன்னான். “அந்த எண்ணு உங்களையாட்டத்தானுங்க. எதைப் புடுங்கிப்போட்டாலும் சிரிச்சுட்டு நிக்கும்.”

மேடம், இது ஒரு கூற்று. ஒரு பொருளைப் பற்றி ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். சொன்னது சரியா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு பப்ஸ் தின்கிறார்கள். எனக்கு அது உறுத்தியது. அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ராஜுலு என்னிடம் சொன்னார். “எல்லாரும் எடுக்கறதைத்தான் பாக்கறாங்க ஈஸ்வரண்ணா. நான் சேக்கறதைப் பாக்கறேன். ஏழுல ஆரம்பிச்சு, பாத்துப் பாத்து ஒண்ணொண்ணாச் சேத்தோணும். ஒண்ணு தப்பாப் போச்சுன்னாலும் முடிஞ்சுது. எட்டுக்கு மேல ஒண்ணுஞ் சேக்க முடியாது. எனக்கும் இப்ப எட்டு இருக்குதுங், போதும்.”

“ஏழு யாருங்?” என்று கேட்டு வைத்தேன்.

“அதை ஒரு நாளைக்குச் சொல்றேங்ண்ணா” என்று சிரித்தார்.

தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மனிதர்கள் தங்களிடமிருந்துதான் எதையும் எண்ணத் தொடங்குவார்கள்.

என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவி பன்னிரண்டு வருடமாக சத்தியமங்கலத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மகன் தீபாவளிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவான். நான் அன்னூர் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன், சமையல் பழகிவிட்டது. கேட்டதால் சொன்னேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவரிடமிருந்து முதலில் பேக்கரியை எடுத்தேன். அது சுலபம். மனோஜ்குமாரைத் தனியாகப் பார்த்து, “கண்ணு, ராஜுலு உன்னப் பத்தி மேனேஜர்கிட்ட எதுவுஞ் சொல்லலை. எவனாச்சும் சொன்னா நம்பாத” என்றேன். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் இன்னும் இரண்டு விதமாக அதையே சொன்னேன். ஆடி பிறப்பதற்குள் ராஜுலு தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். “எல்லாருக்கும் வேல சாஸ்திங்ளாட்ட இருக்குது” என்றார். என் டம்ளரையும் அவரே கொண்டுபோய் வைத்தார்.

நாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வேனில் ஏற்றி மதுக்கரை தாண்டி விட்டுவிட்டு வந்தேன். மூன்று காலில் திரும்பி வர முடியாத தூரம். அவர் பதினைந்து நாள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வெறும் வாசலுக்கு சல்யூட் அடித்துவிட்டு உள்ளே வரத் தொடங்கினார்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரியாமல் இருப்பது அவருக்கு நல்லது.

அடுத்தது வேலை. ஒரு நாள் அழுத்தமானி சிக்கிக்கொண்டது. அந்த மாதிரி நாட்களில் முந்தின நாள் அளவையே எழுதிவிடுவது எங்கள் பிரிவில் எல்லோரும் செய்வது. அன்று அவரும் அப்படியே எழுதினார், அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மேனேஜர் அறைக்குப் போய், “சார், ராஜுலு நல்ல மனுசருங். ஒரே ஒரு ரீடிங்தானுங்களே, பெருசு பண்ணாதீங்க” என்றேன். மேனேஜர் தலையை நிமிர்த்தி, “எந்த ரீடிங்?” என்றார்.

ஒரு மாதத்தில் ராஜுலு வெளியே போனார். போகிற அன்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நீங்க எனக்காகப் பேசுனீங்கன்னு மேனேஜர் சொன்னாருங்ண்ணா. அது போதுமுங்க எனக்கு.”

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் கண்ணில் தெரிகிறது. பாதிச் சோதனையில் நிறுத்தினால் அதுவரை செய்தது வீண், மேடம். பார்த்ததும் வீண், பட்டதும் வீண்.

அக்ஷிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து இடம். பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போய், அக்ஷிதா புடவைகூட எடுத்துவிட்டாள். ஆனால் எங்கள் பக்கம் ஜாதகம் பொருந்தினாலும் விசாரிப்பும் பொருந்த வேண்டும். பெண்ணின் அப்பாவோடு வேலை பார்த்தவரைத் தேடி வருவார்கள். கேட்கிறவர் நேராகக் கேட்க மாட்டார், சொல்கிறவர் நேராகச் சொல்ல மாட்டார். சொல்லாமல் விட்டது என்ன என்று திரும்பிப் போகும்போது காரில் பேசிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா என் தோட்டத்துக்கு வந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

“ஏனுங், ராஜுலு குடும்பம் எப்படிங்க?”

“தங்கமான குடும்பமுங். கண்ண மூடீட்டுப் பண்ணலாம்.”

“பொண்ணு?”

“அம்மணிக்கு என்னுங் கொறச்சல்? இப்ப நல்லா இருக்குதுங்களே.”

டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். “இப்பன்னா?”

“ஒண்ணுமில்லீங்க. புள்ளைங்க வளர்றப்ப ஆயிரம் இருக்கும். காப்பி ஆறுதுங், குடிங்க.”

நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. பதினாறு வயதில் அந்தப் பெண் நாலு மாதம் அறையை விட்டு வெளியே வராமல், பேசாமல், சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். பிறகு தேறி, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். ரங்கநாயகியின் பிறந்த வீட்டுக்குக்கூட இது தெரியாது. ராஜுலு ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னது. என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

அந்த இடம் போயிற்று. அடுத்து வந்த இடத்துக்கும் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. யாரிடம் சொன்னாய் என்று அக்ஷிதா அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. அவள் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ரங்கநாயகியும் மகளோடு போய்விட்டார். அது நான் எடுத்தது இல்லை. ஒன்றை எடுத்தபோது கூடவே வந்தது.

இப்போது அவரிடம் இருந்தது வெறும் வீடு, இரண்டு சட்டை, இந்த எண். வாரம் ஒரு நாள் பஸ் பிடித்து அன்னூருக்கு வருவார். வாழைப்பழம் வாங்கி வருவார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக் கொடுப்பார். “போரடிக்குதுங்ண்ணா, உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்பார். முகத்தில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. நான் தேடினேன். மெலிந்திருந்தார், அது வேறு.

அதனால் எண்ணை எடுக்கத் தீர்மானித்தேன். “ராஜுலு, உங்க எண்ணு தப்புங். நான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். வகுபடுது. எதுலன்னு நீங்களே கண்டுபுடிங்க” என்றேன். இது ஒன்றுதான் நான் சொன்ன பொய். இதற்காக வருத்தப்படுகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் விழுந்தது. தலையை ஆட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனார். ஐந்து வாரம் வரவில்லை. அந்த ஐந்து வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ஒரு துணிப்பை நிறையத் தாள். கேட்டைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். “எல்லாத்தையும் மறுக்காப் போட்டுப் பாத்துட்டேங்ண்ணா. ஒண்ணு உடாம. எதாலயும் வகுபடலை. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ கோளாறு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

எனக்கு அப்போது எரிச்சல் வந்தது என்று சொல்ல வந்தேன். அது சரியான சொல் இல்லை. சோதனை முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் யாருக்கும் வரக்கூடிய ஒரு அசதி. அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

“உங்களுக்கு ஒண்ணு காட்டோணும்னு கொண்டாந்தேன்” என்று பைக்குள் கையை விட்டார்.

“அப்பறம் பாக்கலாமுங். மோட்டார் தண்ணி இழுக்க மாட்டீங்குது. குழாய் அடியில ஃபுட்வால்வுல ஏதோ அடச்சிருக்குதாட்ட இருக்குது. சித்த எறங்கிப் பாக்கறீங்களா?”

“அதுக்கென்னங்க” என்று பையை மோட்டார் ரூம் திட்டில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

எங்கள் கிணறு அறுபதடி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். தண்ணீருக்கு மேலே நாலாவது கல் ஆடும். எனக்குத் தெரியும். நான் அதில் கால் வைப்பதில்லை. அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும், அவர்தான் சொல்லியிருக்கிறார்.

விழுந்தவர் பம்பின் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டார். பாசி பிடித்த குழாய். நான் மேலே நின்றேன். நாச்சியம்மாள் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் கயிற்றை வைத்துக்கொண்டு நான் நின்றதாக அவள் சொன்னது உண்மை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கயிறு எப்போது என் கைக்கு வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

பதினொன்று ஐந்துக்கு விழுந்தார். முதலில், “ஒண்ணுமாகலீங்ண்ணா, பயப்படாதீங்க” என்றார். பிறகு, “நீங்க எறங்கி வந்துறாதீங்க, அந்தக் கல்லு ஆடுது. கவுத்த மட்டும் போடுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மெல்லவே பாத்துப் போடுங்ண்ணா, ஓரம் வழுக்கும்” என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒரு தடவையாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் கயிற்றைப் போட்டிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கை விட்டது. அவர் விடவில்லை, கை விட்டது. நாற்பத்து மூன்று நிமிடம். அந்த வயதுக்கு, அந்த உடம்புக்கு, அது நல்ல அளவு.

ஒரு மணிக்கு உங்கள் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்தேன். வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் பையில் இருந்த தாளை இப்போது பிரித்துவிட்டீர்கள். அவர் கையெழுத்துத்தான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஏதோ எழுதி வைத்திருக்கிறார். பேக்கரி. கேப்டன். ரங்கா. அக்ஷிதா. ஒன்றையும் அடிக்கவில்லை. தேதி புதன்கிழமை. அதாவது எல்லாம் போன பிறகு, என் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள்.

அக்ஷிதா விஷயம் அவர் சொன்ன ஒரே ஆளிடமிருந்துதான் வெளியே போயிருக்க முடியும், அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும், பிறகு ஏன் மகளிடம்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். மறந்திருப்பார், மேடம். மறதிக்காரர்.

ஏழுக்குப் பக்கத்தில் இருப்பதை நீங்களே வாசித்துவிட்டீர்கள். ‘ஈஸ்வரண்ணா. கம்பெனியில் மொத நாள். அம்மணி பேசாமல் கிடந்த சமயம். அன்னைக்கு சாயங்காலம் ஊட்டுக்குத் திரும்புகிற நெனப்பு எனக்கு இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அவர் பாக்ஸில் பாதி கொடுத்தார்.’

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டீங்களா என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதுதான். அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. நீங்கள் உள்ளே வந்தபோது உங்களையும்தான் கேட்டேன்.

அதனால் இந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஏழு என்பது அவர்தான். நான் வெளியே நின்று குறித்துக்கொண்டவன். அந்த எண்ணில் நான் எங்குமே இல்லை.